வாசல் பலகையில் கண்கிலேடி

ஏப்ரல் 12, காலை ஆறு மணி. முட்டைகள் இரண்டு. ஒரு வாரத்துக்கு முன் இட்டது மஞ்சக்கண்ணி என்ற கண்கிலேடிப் பறவை.

கண்கிலேடி கூடு கட்டாது. புதர்க்காட்டின் வெறும் தரையில் முட்டையிடும். முட்டையும் கூழாங்கல்லும் ஒரே நிறம். செவலை என்ற குள்ளநரி நான்கு நாளாகத் தேடியும் முட்டைகள் அகப்படவில்லை. பின்தொடர்ந்தும் பயனில்லை, பறவை சுற்றி வளைத்தே வீடு திரும்பும்.

அன்று குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வந்த மஞ்சக்கண்ணி கடுகடுவென்று இருந்தது.

"என்ன தங்கச்சி, முகமே சரியில்லை?" என்றது செவலை, மரியாதையாகத் தள்ளி நின்று.

"சரணாலய வாசல்ல புதுப் பலகை வைக்கிறாங்களாம். அதுக்கு ஒரு அம்மா தினமும் என்னைப் படம் எடுக்கிறாங்க. எடுத்துட்டு உதட்டைப் பிதுக்குறாங்க. நேத்து கேமராவை எட்டிப் பார்த்தேன். முட்டை ரெண்டும் சுண்ணாம்புப் பொட்டு. என் முகம் அடுப்புக்கரி."

"எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?"

"உச்சி வெயில்ல. அப்பத்தான் முட்டைக்கு நிழல் கொடுத்து அசையாம நிப்பேன். காலையில ஆளைக் கண்டா ஓடிடுவேன்."

"அங்கதான் தப்பு. காலை வெயில் சாஞ்சு வரும். வெள்ளை வெளுத்துப் போகாது, நிழல் கருத்துப் போகாது. சூரியனைப் பார்த்து நில்லு, கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் விழணும். கிட்ட வந்தாலும் ஓடாதே. அப்புறம், உன் பின்னால இருக்கிறதை மறைக்காதே. படத்துக்கு அதுதான் அழகு."

மறுநாள் காலை மஞ்சக்கண்ணி அப்படியே நின்றது. படமெடுக்கும் சிந்தாமணி அம்மாள் தரையில் குப்புறப் படுத்து, ஊர்ந்து நெருங்கினார். இறகின் ஒவ்வொரு கோடும், முட்டையின் ஒவ்வொரு புள்ளியும், பின்னால் தலை உடைந்த புற்றும் படத்தில் தெளிவாக விழுந்தன.

மஞ்சக்கண்ணி பெருமையோடு கணவன் முட்டிக்காலனிடம் சொன்னது.

"யார் சொல்லி நின்னே?"

"செவலையண்ணன்."

"அடிப்பாவி! இந்தக் காட்டுல தலை உடைஞ்ச புத்து ஒண்ணே ஒண்ணுதான். பலகையை நரியும் பார்க்குமே."

"முட்டையைத் தூக்கிட்டுப் போயிடலாமா?"

"எந்தக் கையால?"

பொரிக்க இன்னும் பதினாறு நாள். பலகை எந்த நாளும் வரலாம். பறவைகள் இரண்டும் தூக்கம் மறந்தன. செவலை தினமும் வாசலுக்கு எதிரே புதரில் காத்திருந்தது.

படம் சரணாலய அலுவலகத்தில் ஒரு மேஜையில் எட்டு நாள் இருந்தது. அடுத்த மேஜையில் பதினைந்து நாள். வெளிச்சம் போதாது என்று ஒருமுறை திரும்பியும் வந்தது.

ஏப்ரல் 29 அன்று முட்டைகள் பொரிந்தன. மறுநாளே குஞ்சுகள் தாயின் பின்னால் ஓடி, ஓடையைத் தாண்டிவிட்டன.

மே 20 அன்று பலகை நடப்பட்டது. அடுத்த நாள் விடிந்ததும் செவலை அதை அண்ணாந்து பார்த்தது. "என்ன தெளிவு! புள்ளியைக்கூட எண்ணலாம்" என்று மெச்சியது. ஒரே ஓட்டமாகப் புற்றுக்கு ஓடியது. அதே இடம். புள்ளி போட்ட உருண்டைகள் இரண்டு கிடந்தன. ஒன்றைக் கடித்தது. கல். இன்னொன்றையும் கடித்தது. பல் போயிற்று.

கண்கிலேடியைத் தேடி வந்து புதரோரம் படுத்திருந்த சிந்தாமணி அம்மாள் அதைப் படம் எடுத்தார். காலை வெயில் சாய்ந்து விழுந்தது. நரியின் மீசை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எடுத்த நாளைத்தான் காட்டும். அதை இன்றைய சேதி என்று நம்பி ஓடுகிறவன் கல்லைத்தான் கடிப்பான்.

ஜூலை 3 அன்று சரணாலய வாசலில் இரண்டாவது பலகை நடப்பட்டது. அதில் இருந்தது குள்ளநரி.