கடைசியாக அனுப்பிய பிரதி

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் குருவும் சீடருமாக இரண்டு பேர் இருந்தார்கள். குரு, தலைமை நூலகர் தையல்நாயகி. சீடர், துணை நூலகர் சவரிமுத்து. வயதில் சீடர்தான் மூத்தவர். அதனால் குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார். தொழிலை அந்த அம்மாவிடம்தான் கற்றேன் என்று யாரிடமும் கூச்சப்படாமல் சொல்லுவார் சவரிமுத்து.

அன்று காலை அவர் வந்து நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டுமே. இருந்த கோபத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"மேடம், இனி என்னால ஆகாது. கோதண்டபாணி சார்கிட்ட கட்டுரை கேக்குற வேலையை வேற யாருக்காவது குடுங்க."

"மறுபடியும் என்ன அனுப்பினார்?"

"பழைய வரைவு. மருந்தோட அளவு தப்பு, திருத்துங்கன்னு பத்திரிகையில சரிபார்த்தவங்க சொன்னாங்களே, அதுக்கும் முந்தினது. இதை நம்ம தளத்துல போட்டா ஆடு நோயில சாகாது, மருந்துல சாகும்."

விஷயம் இதுதான். கமுதிப் பக்கம் ஆடுகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. எந்த மருந்து கேட்கும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோதண்டபாணி ஆராய்ந்து எழுதியிருந்தார். அதை வெளியிட்ட வெளிநாட்டுப் பத்திரிகையோ, பணம் கட்டாதவர்களுக்குப் பூட்டு போட்டிருந்தது. பூங்கோதை என்ற கால்நடை மருத்துவர் நூலகத்துக்குப் போன் பண்ணிக் கெஞ்சினார். அவருக்கு எப்படியோ ஒரு பிரதி போய்ச் சேர்ந்தது. ஆனால் நோய் கமுதியோடு நிற்குமா? அடுத்தடுத்த ஊர் மருத்துவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

நூலகத்தின் திறந்த தளத்தில் ஏற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதற்கும் ஒரு விதி உண்டு. பத்திரிகை தன் முத்திரையோடு அச்சிட்ட பிரதியை ஏற்றக் கூடாது. திருத்தமெல்லாம் முடித்துப் பேராசிரியர் கடைசியாக அனுப்பினாரே, அந்தப் பிரதியை ஏற்றலாம். அதைத்தான் மனிதர் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறார். முதலில் முத்திரை போட்டதை அனுப்பினார், பார்க்க அழகாக இருக்கிறதாம். இப்போது இது.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறாங்க, ஒரு ஃபைலை எடுத்து அனுப்ப முடியல. திமிர் மேடம், வேற ஒண்ணுமில்ல. இவங்ககிட்ட எப்படித்தான் கேட்டு வாங்குறது?"

குரு சற்று யோசித்தார்.

"நீங்க அதைப் பத்தியே ஒரு கட்டுரை எழுதினீங்களே சார். அதை எடுங்க, பார்ப்போம்."

சவரிமுத்துவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதுவும் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த கட்டுரைதான். கணினியில் தேடினார். தலைப்பு வந்தது, பெயர் வந்தது, கீழே பூட்டும் வந்தது. படிக்க வேண்டுமானால் பணம் கட்டு என்றது.

"பரவாயில்ல, நம்ம தளத்துல இருக்குமே," என்றார் குரு.

"அது... ஏத்தணும்னுதான் மேடம் இருந்தேன்."

"இப்பவே ஏத்திடலாம். கடைசியா அனுப்பின பிரதியை எடுங்க."

அங்கே பிடித்தது சனி. 'ஃபைனல்' என்று ஒரு கோப்பு இருந்தது, திறந்தால் பாதியில் நின்றது. 'ஃபைனல் புதுசு' என்பதில் முடிவுரையைக் காணோம். 'இதுதான் ஃபைனல்' என்று அவரே பெயர் வைத்திருந்ததைத் திறந்தால், மகள் கல்யாணத்துக்கு எழுதிய மளிகைச் சாமான்கள். சவரிமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

குரு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, வறுத்த கடலையை உரிக்க ஆரம்பித்தார். அவருக்குக் கொஞ்சம் வைத்தார், தனக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சவரிமுத்துவுக்கு.

சாப்பாட்டு நேரமும் போயிற்று.

"எங்கயோ அழிச்சுத் தொலைச்சிருக்கேன் மேடம். விட்ருங்க."

"கூட எழுதினவருக்கு அனுப்பியிருப்பீங்களே சார்?"

அனுப்பியிருந்தார். அந்தப் பழைய மெயிலுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது கடைசிப் பிரதி. எடுத்துத் தளத்தில் ஏற்றினார். பூட்டு கீட்டு எதுவும் இல்லாமல் திறந்தது.

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலையில் திமிர் என்று சொன்னது ஞாபகம் வந்து கூசியது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வேறொரு ஊர் கால்நடை மருத்துவர், ஆட்டுக் கட்டுரை வந்துவிட்டதா என்று கேட்டார். இன்றைக்கு வந்துவிடும் என்று சொல்லிப் போனை வைத்தார் சவரிமுத்து. வைத்த கையோடு குரு பக்கம் திரும்பினார்.

"மேடம், கோதண்டபாணி சார்கிட்ட நான் இப்ப என்னன்னு போய்க் கேக்குறது?"

குரு மீதிக் கடலையைப் பொட்டலமாக மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"ஒண்ணும் கேக்காதீங்க. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உட்காருங்க. தேட நேரமாகும்."