படிக்கட்டு விளக்கும் நாலாம் படுக்கையும்

இந்தக் கதையில் நரை சீடனுக்கு, குருவுக்கு இல்லை.

சீடர் தாணுலிங்கம், நாற்பத்தாறு வயது. நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். பள்ளியை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார மனசில்லாமல் கம்ப்யூட்டரில் வலைப்பக்கம் செய்யும் வேலையைக் கற்றுக்கொள்ள வந்துவிட்டார். கோட்டாற்றில் குடைக்கடை மாடியில் அந்த வேலையை நடத்திக்கொண்டிருந்த ஜெசிந்தாதான் குரு. அவரைவிட ரொம்பவே இளையவர். ஜெசிந்தா இவரை "அண்ணே" என்பார். இவர் ஜெசிந்தாவை "டீச்சர்" என்பார். காலமெல்லாம் வாத்தியாராக இருந்த மனுஷன் வாய் நிறைய டீச்சர் டீச்சர் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் குடைக்கடைக்காரர் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

தாணுலிங்கத்துக்கு ஒரு குணம். எதற்கும் ஏன் என்று கேட்காவிட்டால் சோறு இறங்காது. பட்டனைத் தட்டினால் நிறம் மாறுகிறது என்றால், தட்டியது யாருக்குத் தெரிந்தது, அது யாரிடம் போய்ச் சொன்னது, அங்கிருந்து எங்கே போனது என்று நோண்டிக்கொண்டே இருப்பார். ஜெசிந்தா பாதிக்குப் பதில் சொல்வார். மீதிக்குச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

தாணுலிங்கத்துக்கு முதன்முதலாகத் தனியாகக் கொடுத்த வேலை, ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்கு ஒரு பக்கம். எந்த நோயாளிக்கு எந்தப் படுக்கை என்று நர்சுகள் அதில் போட வேண்டும். அந்தப் பக்கத்தில் மூன்று கட்டம். ஒன்றில் படுக்கைகளின் படம். காலியானது பச்சை, ஆள் போட்டது சிவப்பு. இன்னொன்றில் நோயாளிகளின் பெயர்ப் பட்டியல். மூன்றாவது மேலே இருக்கும். எத்தனை படுக்கை காலி என்று எண் மட்டும் காட்டும்.

மூன்றையும் தாணுலிங்கம் பார்த்துப் பார்த்துச் செய்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் தன் விஷயத்தைத் தானே நினைவு வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கட்டத்தில் கிளிக் செய்தால் அது மற்ற கட்டங்களுக்கும் சேதி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. பட்டியலிலிருந்து படத்துக்குச் சேதி போகும் ஒரு வழியை மட்டும் போட மறந்துபோனார்.

வெள்ளோட்டம் பார்த்த வாரத்தில் ஒரு நர்ஸ் குளச்சல் செபஸ்தியானின் பெயரை நாலாம் படுக்கைக்கு நேராகப் பட்டியலில் போட்டார். பட்டியலில் பெயர் ஏறியது. படத்திலோ நாலாம் படுக்கை பச்சையாகவே நின்றது. அடுத்த ஷிப்ட் நர்ஸ் பச்சையைப் பார்த்து அதையே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

காலையில் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். முந்தி வந்தவருக்கு ஊசி குத்தியாயிற்று. செபஸ்தியான் குளச்சலில் மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். கால் இரண்டும் வீங்கி, மூச்சு இழுக்க, மதியம் வரைக்கும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தன் பக்கம் எப்படி நடக்கிறது என்று ஆசையாகப் பார்க்கப்போன தாணுலிங்கம் இதைத்தான் பார்த்தார். தண்ணீர்கூட வாங்கிக்கொடுக்க முடியாது. அளவுக்கு மேல் குடிக்கக் கூடாதாம். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தலைமை நர்ஸ் திட்டவில்லை. இன்னொரு ஆள் இப்படிப் பெஞ்சில் உட்கார்ந்தால் உங்கள் பக்கம் வேண்டாம், திங்கட்கிழமை வரைக்கும் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

தாணுலிங்கம் ஓடிவந்து விட்டுப்போன வழியைப் போட்டார். அது போதாதென்று இன்னும் நாலைந்து வழி போட்டார். இப்போது படத்தைத் தட்டினால் அது பட்டியலுக்குச் சொன்னது; பட்டியல் எண்ணுக்குச் சொன்னது; எண் படத்துக்குச் சொன்னது; படம் திரும்பவும் பட்டியலுக்குச் சொன்னது. தட்டியது ஒரே தடவை. பக்கம் அசையாமல் நின்றுவிட்டது.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குருவிடம் வந்தார்.

"டீச்சர், மூணு கட்டமும் மூணு விதமா சொல்லுது. இதுல எதை நம்பி மத்ததைத் திருத்தணும்?"

ஜெசிந்தா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"கீழே வரைக்கும் போங்க அண்ணே. நான் மேலே நிக்கேன்."

அந்தக் கட்டிடத்துப் படிக்கட்டு இரண்டு சுவருக்கு நடுவில் ஏறுவது. பட்டப்பகலிலும் கும்மிருட்டு. நடுவே ஒரு விளக்கு. அதற்குப் படிக்கட்டின் அடியில் ஒரு சுவிட்சு, உச்சியில் ஒரு சுவிட்சு. எதில் தட்டினாலும் எரியும், எதில் தட்டினாலும் அணையும்.

தாணுலிங்கம் கீழே போய் நின்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் ஜெசிந்தா. மூடிக்கொண்டார். சுவிட்சை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினார்.

"இப்ப சொல்லுங்க. லைட் எரியுதா?"

"சுவிட்சு கீழே அமுங்கியிருக்கு. நான் இறங்கி வரும்போது எரிஞ்சுதே. எரியுது."

"எரியல."

இவருக்கு உடனே விளங்கிவிட்டது. பத்தாம் வகுப்புக்கு இந்தச் சுற்றைப் போர்டில் எத்தனை வருஷம் வரைந்திருப்பார்! கண்ணைத் திறக்காமலே ஆரம்பித்துவிட்டார். நீங்கள் மேலே தட்டிவிட்டீர்கள், இது இருவழி சுவிட்சு, நடுவில் இரண்டு கம்பி ஓடும், இங்கே இந்தக் கம்பியைத் தொட்டால் அங்கே அந்தக் கம்பி என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். இருட்டுப் படிக்கட்டில் கண்ணை மூடிக்கொண்டு சுவருக்குப் பாடம் நடத்துகிற ஆளைக் குடைக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

ஜெசிந்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, மேலே தட்டுவது கீழே இருக்கிற சுவிட்சுக்கும் தெரிய வேண்டுமென்றால் என்ன செய்யலாம் என்று கேட்டார்.

இதென்ன பிரமாதம் என்றார் தாணுலிங்கம். மேலே தட்டும்போது ஒரு குரல் கொடுத்தால் போதும், கீழே இருப்பதையும் தான் மாற்றி வைத்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகும், அப்புறம் விரல் வைத்தே சொல்லிவிடலாம்.

"சரி. தட்டிட்டேன்."

தாணுலிங்கமும் கையோடு தட்டினார்.

"அணைஞ்சிருந்தது. நீங்க தட்டுனீங்க. இப்ப எரியுது."

"எரியல."

"எப்படி எரியாம இருக்கும்?"

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். குருவின் தட்டலில் எரிந்த விளக்கை, ஒத்துப்போக வேண்டுமென்று தான் தட்டின தட்டலே அணைத்துவிட்டது. மருத்துவமனைப் பக்கம் அசையாமல் நின்றதும் இதே கூத்தில்தான். அங்கேயும் கட்டங்கள் ஒன்றையொன்று ஒத்துப்போக வைக்கப்போய்த்தான் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டார். பிறகு அவருடைய குணம் அவரை விடவில்லை.

"டீச்சர், அப்ப சுவிட்சு எதைத்தான் ஞாபகம் வச்சுக்குது?"

"ஒண்ணையும் வச்சுக்கல."

"பின்ன அதுக்கு என்ன வேலை?"

"விரல் பட்டுச்சுன்னு சொல்றது."

"யாருகிட்ட? மத்த சுவிட்சுகிட்டயா?"

மேலேயிருந்து டக் என்று ஒரு சத்தம். தாணுலிங்கம் கண்ணைத் திறந்து, திரும்பி, எரிகிற விளக்கைப் பார்த்தார்.

மேலே வந்தவர் நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எந்தப் படுக்கையில் யார் என்பதை மூன்று கட்டத்திலிருந்தும் பிடுங்கி, கட்டங்களுக்கு வெளியே ஒரே இடத்தில் வைத்தார். கட்டங்கள் அதைப் பார்த்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். எங்கே கிளிக் விழுந்தாலும் அந்த ஒரு இடத்துக்குத்தான் சேதி போக வேண்டும். பக்கத்துக் கட்டத்தோடு பேச்சே கிடையாது. பாடுபட்டுப் போட்ட வழிகளை ஒவ்வொன்றாக அழித்தார். அழிக்க அழிக்க அவருக்கே வயிறெரிந்தது, எவ்வளவு உழைப்பு!

எல்லாவற்றையும் அழித்தவர் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். மேலே இருக்கும் எண். அவர் இந்த வேலையில் முதன்முதலில் எழுதிய கட்டம் அது. அதற்கு மட்டும் சொந்தமாக ஒரு கணக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தார்.

ஜெசிந்தா வந்து பார்த்தார். கண் நேரே அங்கே போய் நின்றது.

"இது எதுக்கு?"

"சும்மா ஒரு பாதுகாப்புக்கு டீச்சர்."

"யாருக்குப் பாதுகாப்பு?"

தாணுலிங்கம் அதையும் அழித்தார். அதற்குப் பிறகு எண், காலிப் படுக்கைகளை அந்த ஒரு இடத்தில் பார்த்து எண்ணிச் சொன்னது.

திங்கட்கிழமை மருத்துவமனையில் பக்கம் ஓடியது. படத்தில் தட்டினால் பட்டியலில் பெயர் ஏறியது, எண் குறைந்தது. பட்டியலில் பெயரை எடுத்தால் படுக்கை பச்சையானது. எந்தக் கட்டத்தில் கை வைத்தாலும் மூன்றும் ஒரே பேச்சைப் பேசின. தலைமை நர்ஸ் போன் பண்ணி, பெஞ்ச் காலியாகக் கிடக்கிறது என்றார். தாணுலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. குடைக்கடைக்காரரைப் பிடித்து நிறுத்தி, சேதி எங்கே போகிறது, எங்கே தங்குகிறது, சுவிட்சு ஏன் எதையும் நினைவு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு வகுப்பே எடுத்தார். அவரும் பாவம், கேட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவருடைய போன் அடித்தது. குளச்சல் செபஸ்தியான். அன்றைக்குப் பெஞ்சில் மனசு கேளாமல் தன் நம்பரை அவருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் தாணுலிங்கம்.

நாளைக்குத் தனக்கு முறை இருக்கிறதா, போனதடவை மாதிரி ஆகிவிடாதே என்று செபஸ்தியான் தயங்கித் தயங்கிக் கேட்டார். வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்களாம்.

"நாலாம் பெட் எனக்குத்தானே சார்? முதல் பஸ்ஸுக்கு வரட்டா?"

இதற்கு யோசிக்கவா வேண்டும்? காலையில்தான் பக்கத்தைத் திறந்து தன் கண்ணால் பார்த்திருந்தார். புதன்கிழமை, முதல் ஷிப்ட், நாலாம் படுக்கை, செபஸ்தியான். அந்தப் பெயரைச் சிவப்பில் பார்த்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதுகூட நினைவிருந்தது. தாணுலிங்கம் முகமெல்லாம் சிரிப்பாக, தைரியமாக வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தார்.

எதிர் மேசையிலிருந்து ஜெசிந்தா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எதைப் பாத்துச் சொல்றீங்க அண்ணே?"

தாணுலிங்கம் திறந்த வாயோடு திரும்பிப் பக்கத்தைத் திறந்தார். நாலாம் படுக்கை சாம்பல் நிறத்தில் இருந்தது. மெஷின் பழுது என்று போட்டிருந்தார்கள். செபஸ்தியானின் பெயர் வியாழக்கிழமைக்கு, இரண்டாம் படுக்கைக்குப் போயிருந்தது. அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் யாரோ ஒரு நர்ஸ் மாற்றியிருக்கிறார்.

"சார், லைன்ல இருக்கீங்களா? நாளைக்கு வரட்டா?"

தாணுலிங்கம் காலையில் பார்த்ததை விட்டுவிட்டு, திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னார்: நாளைக்கு வேண்டாம், வியாழக்கிழமை, ரெண்டாம் பெட்.