நடக்காத பாடத்தில் மலர்ந்த தாமரை

மருதமாபுரி மன்னன் குணவீரனுக்குப் புதிதாக ஓர் ஆசை பிறந்தால் ஊருக்கே தலைவலிதான். அதிகாரிகளாகப் போகிறவர்களுக்கென்று ஒரு கல்லூரி கட்டினான். வாசலில் இப்படிப் பொறித்தும் வைத்தான்: 'மாலைதோறும் ஓலையில் எழுதுக. கற்றது என்ன? தவறியது எங்கே? நாளை எப்படித் திருந்துவாய்?'

நோக்கம் நல்லதுதான். ஆனால் தலைமைப் பண்டிதர் அம்பலத்தரசருக்கு முகத்துதி என்றால் கற்கண்டு. 'தங்கள் பாடத்தால் என் மனம் தாமரையாய் மலர்ந்தது' என்று எழுதியவனெல்லாம் தேறினான். செங்கோடன் என்ற மாணவன் மட்டும், 'பாடம் புரியவில்லை. பாதியில் தூங்கிவிட்டேன்' என்று எழுதித் தொலைத்தான்.

"இவனுக்குச் சிந்தனையில் ஆழம் போதாது மன்னா. கல்லூரியை விட்டு நீக்க உத்தரவு வேண்டும்" என்று சபையில் வந்து நின்றார் பண்டிதர். பாவம், செங்கோடனுக்கு முகம் வெளிறிவிட்டது.

அமைச்சர் பூதலிங்கம் எழுந்தார். குறும்புக்குப் பேர்போன மனிதர். "மன்னா, நாளை ஒருநாள் வகுப்பை எனக்குக் கொடுங்கள். பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். பண்டிதரும் ஓய்வெடுக்கட்டும். ஓலைகளைப் பார்த்துவிட்டு இவனை என்ன செய்வதென்று முடிவெடுக்கலாம்."

மறுநாள் காலையிலேயே பூதலிங்கம் சொக்கட்டான் காய்களோடு அரண்மனைக்கு வந்துவிட்டார். காய்களைக் கண்டால் மன்னனுக்கு உலகமே மறந்துவிடும். அந்தி சாயும்வரை ஆட்டம்தான்.

அதற்கடுத்த நாள் சபையில் பண்டிதர் பெருமை பொங்க ஓலைகளை வாசித்தார்.

"'பூதலிங்கனாரின் கணீர்க்குரல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.' இது ஒருவன். 'பொறுமையைப் பற்றி அவர் சொன்னபோது கண் கலங்கினேன். மனம் தாமரையாய் மலர்ந்தது.' இது இன்னொருவன். பார்த்தீர்களா மன்னா, என் மாணவர்களை!"

மன்னன் விழித்தான். "பூதலிங்கம், நேற்று முழுக்க நீ என்னோடு அல்லவா சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்தாய்?"

"ஆமாம் மன்னா. தாங்கள்கூட எல்லா ஆட்டத்திலும் தோற்றீர்களே!"

"அது இப்போது எதற்கு? செங்கோடன் ஓலையை எடு!"

பூதலிங்கமே எடுத்து வாசித்தார்: 'யாரும் வரவில்லை. எதுவும் கற்கவில்லை. சுண்டல் தின்றபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். அமைச்சருக்கு என்ன ஆயிற்றென்று போய் விசாரித்திருக்க வேண்டும். இனி விசாரிப்பேன்.'

"கற்றது, தவறியது, திருந்துவது. வாசலில் பொறித்த மூன்றும் இருக்கிறதே மன்னா!" என்றார் பூதலிங்கம். "மற்றவர்களை எல்லைக்கு அனுப்பிப் பாருங்கள். நடக்காத போரில் வென்றுவிட்டதாக ஓலை வரும்."

"செங்கோடன் கல்லூரியிலேயே இருக்கட்டும். படித்து முடித்ததும் எல்லைக்காவல் அவனுக்குத்தான்" என்ற மன்னன், பண்டிதர் பக்கம் திரும்பினான். "பண்டிதரே, உமக்கு ஓர் அறிவுரை சொல்லப் போகிறேன். அதைக் கேட்டு நீரும் ஓர் ஓலை எழுத வேண்டும்."

மன்னன் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் பண்டிதர் ஓலையை நீட்டிவிட்டார்.

'மன்னரின் அறிவுரையால் என் மனம் தாமரையாய் மலர்ந்தது.'

"யோவ், நான் இன்னும் வாயே திறக்கவில்லையே!" என்ற மன்னன் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது.