ஊறுகாய் ஜாடி பூட்டிய மோட்டார்

மோட்டார் வாங்க மனசு வந்தவருக்கெல்லாம் பெட்ரோல் போட மனசு வந்துவிடுமா என்ன? செங்கழனி சமஸ்தானத்து உத்தமபூபதி ராஜாவுக்கு வரவில்லை. சீமையிலிருந்து கப்பலில் மோட்டாரை இறக்கினார். வெள்ளிக்கிழமை தோறும் மலையடிவாரத்து அம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். முன்னால் பட்டத்து யானை, நடுவில் மோட்டார், பின்னால் மேளதாளம். திரும்பி வந்ததும் காலி பெட்ரோல் டின்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

அந்தச் சமயம் பார்த்து வந்து ஒட்டிக்கொண்டார் ராணியின் தம்பி ஜெகவீரன். வேலைவெட்டி கிடையாது. அரண்மனைச் சாப்பாட்டை மூன்று வேளையும் இரண்டு ஆள் கணக்கில் தின்பார். எங்கேயோ ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு, தன்னைப் பெரிய யந்திர மேதை என்று நினைத்துக்கொண்டார். இந்த மாதிரி ஆட்களுக்கு ராஜா வீட்டு மச்சான் பதவியும் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சமையற்கட்டிலிருந்து ஒரு ஊறுகாய் ஜாடியைத் தூக்கி வந்தார். உப்புத் தண்ணீர் ஊற்றினார். ரப்பர் குழாயைச் செருகி இஞ்சினோடு கட்டினார்.

"தண்ணீர் ஆவியே எரியும் அத்தான். பாதி பெட்ரோல் மிச்சம்" என்றார்.

ஒன்றும் மிச்சமாகவில்லை. அடுத்து பெட்ரோல் குழாயில் ஒரு காந்தத்தைக் கட்டினார். அதில் கால்வாசி மிச்சமாம். அப்புறம் செம்புக்கம்பியை இஞ்சின் மேல் சுற்றினார். அதில் இன்னொரு கால்வாசியாம்.

"மோட்டார் என்ன அத்தான், தீனி தின்கிற எதில் மாட்டினாலும் இந்த ஜாடி தீனியைப் பாதியாக்கிவிடும்" என்று வேறு பீற்றிக்கொண்டார்.

டின் மட்டும் பழையபடியே காலியானது. மேதை தப்பு செய்வாரா? பழியைத் தூக்கி டிரைவர் பிச்சைமணி தலையில் போட்டார்.

"என் கருவி மிச்சம் பிடிக்கிறது. மிச்சத்தை இவன் திருடி விற்கிறான்."

ராஜாவும் தலையாட்டிவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை பெட்ரோல் மிச்சமாகவில்லை என்றால், பிச்சைமணிக்கு மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டுத் துரத்துவது என்று தீர்ப்பு.

பிச்சைமணி நேராக மதுரநாயகம் பிள்ளை வீட்டுக்கு ஓடினான். பிள்ளை அரசவையில் விகடம் பேசியே சோறு சாப்பிடுகிறவர். ராஜாவோடு மோட்டாரில் போய்வருகிற ஆள்.

"ஐயா, சத்தியமா ஒரு சொட்டுகூட நான் எடுக்கலை. வீட்டுக்காரி நிறைமாசம். இந்த நேரத்துல கழுதைமேல ஏத்தினா நாங்க எங்கே போவோம்?" என்று அழுதான்.

பிள்ளைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஜாடி கட்டின மடையன் சபையில் உட்கார்ந்திருக்கிறான், வண்டி ஓட்டுகிறவன் கழுதையில் போகணுமா? போய் வீட்டுக்காரியைக் கவனி. நான் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் சபையில் பிள்ளை கைகூப்பி நின்றார். "மச்சான் துரையிடம் ஒரு சந்தேகம். ஜாடியில் எவ்வளவு மிச்சம்?"

"பாதி."

"காந்தத்தில்?"

"கால்."

"கம்பியில்?"

"அதிலும் கால். இதில் என்னய்யா சந்தேகம்?"

"சந்தேகம் தீர்ந்தது. பாதியும் காலும் காலும் சேர்ந்தால் முழுசு. அப்படியானால் மகாராஜா, பெட்ரோலே எதற்கு? வெள்ளிக்கிழமை டாங்கியைத் துடைத்துவிட்டு மூன்று கருவியையும் பூட்டுவோம். பிச்சைமணி பக்கத்திலேயே வரவேண்டாம். மச்சான் துரையே ஓட்டட்டும்."

ஜெகவீரனின் முகம் செத்துப்போயிற்று. "அது... கொஞ்சம் பழகவேண்டும்" என்று இழுத்தார். ராஜாவுக்கோ வாயெல்லாம் பல். சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் மோட்டார் ஓடும் என்றால் அவருக்குக் கசக்குமா?

வெள்ளிக்கிழமை வந்தது. ராஜாவும் பிள்ளையும் பின்சீட்டில் ஏறினார்கள். மேளம் முழங்கியது. யானை நடந்தது. மோட்டார் நின்ற இடத்திலேயே நின்றது. ஜெகவீரன் ஜாடியைக் குலுக்கினார், காந்தத்தைத் திருப்பினார், கம்பியை முறுக்கினார். ஊரே வேடிக்கை பார்த்தது. பூஜைக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் வேறு வழியில்லாமல் யானையையே மோட்டாரில் கட்டி இழுக்கவிட்டார்கள்.

ராஜாவுக்கு மானம் போயிற்று. ஆத்திரம் பிள்ளையின் பக்கம் திரும்பியது.

"ஜாடி பொய். ஒப்புக்கொள்கிறேன். பிச்சைமணியும் திருடவில்லை என்கிறீர். அப்படியானால் இத்தனை நாள் பெட்ரோலைத் தின்றது யார்? சொல்லும். இல்லையென்றால் அவனோடு நீரும் கழுதை ஏறும்."

"தின்றவர்தான் மகாராஜா இப்போது நம்மை இழுத்துக்கொண்டு போகிறார்."

"யானையா? யானை பெட்ரோல் குடிக்குமா?"

"குடிக்காது. குடிக்க வைக்கும். வாராவாரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதன் வாலைத்தானே பார்த்துக்கொண்டு வருகிறேன். குதிரையைவிட வேகமாக ஓடுகிற வண்டியை யானை நடைக்கு ஊர்ந்து வரச்சொன்னால் எப்படி? ஒரு நாழிகையில் போய்ச்சேர வேண்டிய ஊருக்கு அரைநாள் இஞ்சின் உறுமிக்கொண்டே வருகிறது. பெட்ரோல் குடிக்காமல் என்ன செய்யும்?"

ராஜா மெதுவாகச் சொன்னார். "பட்டத்து யானையை முந்தக்கூடாது ஐயா. அது எங்கள் பாட்டன் பூட்டன் வழக்கம்."

"முந்தவே வேண்டாம். யானை முன்னால் போகவேண்டும் என்பதுதானே வழக்கம்? எத்தனை அடி முன்னால் என்று யாரும் சொல்லவில்லையே. விடியுமுன்பே யானையை அனுப்பிவிடுங்கள். அது கோயில் வாசலில் நின்று காதாட்டட்டும். நாம் வெயில் ஏறியபின் பின்னாலேயே போய்ச்சேருவோம்."

அடுத்த வெள்ளி அப்படியே செய்தார்கள். பிச்சைமணிதான் ஓட்டினான். வழக்கமும் கெடவில்லை. டின்களில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. ராஜா தன் கையாலேயே பிச்சைமணியின் தலையில் பட்டு உருமால் கட்டினார். அன்று மாலையே அவன் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது.

"பிள்ளைவாள், உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார் ராஜா.

"எனக்கு ஒன்றும் வேண்டாம். அந்த ஊறுகாய் ஜாடியை மட்டும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்."

"அதை வைத்துக்கொண்டு என்னய்யா செய்வது?"

"தீனி தின்கிற எதில் மாட்டினாலும் பாதியாகும் என்று மச்சான் துரை வாக்குக் கொடுத்திருக்கிறாரே. நாளை முதல் பந்தியில் அதை அவர் இடுப்பிலேயே கட்டிவிடுங்கள். இலையில் பாதிச் சோறு போட்டால் போதும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. பரிமாறுகிறவர்களுக்கு உடனே உத்தரவு போயிற்று. மூன்றாம் நாள் பந்தியில் ஜெகவீரன் ஜாடியை அவிழ்த்து வைத்துவிட்டு, "இது வேலை செய்யாது அத்தான்" என்று ஊர் கேட்க ஒப்புக்கொண்டார்.