பாறையில் ஒரு காடு

மலைக்காட்டில் ஓர் உயரமான மரம். அதன் பொந்துக்குள் ஒரு பெண் இருவாச்சிப் பறவை முட்டையிட்டிருந்தது. இருவாச்சிகளின் வழக்கப்படி வாசலைச் சேறு பூசி அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டிருந்தது. ஆண் இருவாச்சி தினமும் அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும்.

கீற்றுக்கு நேர் எதிரே ஒரு மொட்டைப் பாறை. இரண்டு மாதமாகப் பெண் இருவாச்சியின் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். குஞ்சுகள் பொரித்தன. ஆனாலும் காட்டைப் பார்க்காத ஏக்கம் தாங்காமல், ஒருநாள் அது சேற்றுச் சுவரைக் கொத்தத் தொடங்கியது.

ஆண் பதறிப்போனது. பொந்துக்குள் அடைந்ததும் பெண்ணுக்கு உதிர்ந்த சிறகுகள் இன்னும் முளைக்கவில்லை. வெளியே வந்தால் பறக்க முடியாது. திறந்த பொந்துக்குள் மரநாய் புகுந்தால் குஞ்சுகளும் மிஞ்சாது. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று கெஞ்சியது.

"கண்ணை மூடினாலும் காடு வர மாட்டேன் என்கிறது. மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்றது பெண்.

பாறைகளில் படம் வரையும் கருங்குரங்கு ஒன்று பக்கத்தில் இருந்தது. எதிர்ப்பாறையில் காட்டை வரைந்து தரும்படி ஆண் இருவாச்சி அதனிடம் கேட்டது. காடுதானே, பச்சையைப் பூசினால் முடிந்தது என்றது குரங்கு. கை நிறைய இலைகளைக் கசக்கி, மேலிருந்து கீழ்வரை அப்பியது.

பெண் எட்டிப் பார்த்தது. "இது குளத்துப் பாசி. என் காடு இல்லை."

குரங்குக்குக் கோபம் வந்தது. இன்னும் பளிச்சென்ற இலைகளைத் தேடிப் பூசியது. படம் இன்னும் மோசமானது. மறுநாள் இலைச்சாறு காய்ந்து பழுப்பாகியும் விட்டது. பொந்துக்குள் மறுபடி கொத்தும் சத்தம் கேட்டது.

குரங்கு வெட்கத்தோடு மரத்தில் ஏறிக் கீற்றருகே உட்கார்ந்தது. "நீ தேடுகிற காடு எப்படி இருக்கும்? சொல்."

பெண் நிறுத்தி நிறுத்திச் சொன்னது. மழை விட்ட காலையில் கொழுந்துகள் சிவந்திருக்குமாம். வெயில் பட்ட மூங்கில் மஞ்சளாக இருக்குமாம். பலாமரத்தடி நிழல் ஏறக்குறையக் கறுப்பாம். தூரத்து மலையிலும் மரங்கள்தான், ஆனால் இங்கிருந்து பார்த்தால் வெறும் நீலமாம்.

குரங்கு உச்சிக்கிளைக்குப் போய், தான் பிறந்து வளர்ந்த காட்டை முதல்முறையாக ஒரு பகல் முழுக்கப் பார்த்தது. பிறகு செம்மண், கரி, காட்டுமஞ்சள், நாவல்பழம் எல்லாம் சேர்த்துக்கொண்டு மூன்று நாள் வரைந்தது. அரைத்த பாசியின் பச்சையை அங்கங்கே கொஞ்சம்தான் வைத்தது.

பெண் இருவாச்சி கீற்றில் கண்ணை வைத்தது. படத்தை மூலைக்கு மூலை பார்த்தது.

"அந்த நீலத்துக்குப் பின்னால்தான் நான் பிறந்த மரம் இருக்கிறது" என்றது கடைசியில்.

அதன்பின் அது சுவரைக் கொத்தவில்லை. சிறகு முளைத்து அது குஞ்சுகளோடு வெளியே வந்தபோது, படத்தை மழை முக்கால்வாசி கழுவியிருந்தது. அதைத் திரும்பியும் பாராமல் காட்டைப் பார்த்தபடியே பறந்து போனது. குரங்குக்கு அதில் வருத்தமில்லை.

ஒன்றை உள்ளபடி காட்ட நினைப்பவர், முதலில் அதற்காக ஏங்குகிறவரின் கண்ணால் அதைப் பார்க்க வேண்டும்.