நனைந்த மிளகு

"அந்தச் சீன வியாபாரி லின்னை நம்பி மோசம் போனேன், சாமி."

ஆளவந்தான் செட்டியார் கோயில் வாசலில் நின்றபடியே சொன்னார். உட்காரக்கூட மனசில்லை.

சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் நம் வணிகர்கள் கட்டிய சிவன் கோயில் அது. பூசை செய்த பண்டாரத்துக்குச் செட்டியார் வயதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் மனுஷன் அவரைத்தான் குரு என்று பிடித்துக்கொண்டார். ஊரில் செட்டியார் சந்தேகப்படாத ஒரே ஆள் இந்தப் பண்டாரம்தான். அதுவும் இதுவரைக்கும்.

"என்ன செய்தார் லின்?"

"என் மிளகில் தண்ணீர் விட்டிருக்கிறான். முப்பது மூட்டையும் நாசம். கப்பலில் பக்கத்து அறை அவனுடையது. அவன் சந்தனம் மட்டும் காய்ந்து கிடக்கிறது."

அந்த ஊர்க் கப்பல் அப்படி. அடித்தளத்தைப் பலகைச் சுவரால் அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். ஆளுக்கு ஓர் அறை.

"ஊற்றியதைப் பார்த்தீர்களா?"

"பார்க்கணுமா? நாகப்பட்டினத்தில் ஏறும்போதே அவன் சிரிப்பு சரியில்லை. இன்றைக்கே அதிகாரியிடம் சொல்லப்போகிறேன். கசையடி விழட்டும்."

"இந்த ஊருக்கு வரும்போதெல்லாம், இருபது வருஷமாக உங்களுக்குச் சோறு போட்டவர்."

"எதற்குப் போட்டான் என்று இப்போதுதானே யோசிக்கிறேன்."

பண்டாரம் எழுந்து துறைமுகத்துக்கு நடந்தார். செட்டியார் கூடவே போனார், இரண்டு தடவை முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு.

கப்பலின் மேல்தளத்தில் லின் பாயை விரித்து, செட்டியாரின் மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சட்டை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"பாருங்கள் சாமி, தடயத்தைக் காயவைக்கிறான்."

பண்டாரம் செட்டியாரோடு கீழே இறங்கினார். செட்டியாரின் அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். குனிந்து, பலகைச் சுவரின் அடியைக் கையால் துழாவினார்.

"எல்லாச் சுவரின் அடியிலும் ஒரு துளை இருக்குமே. கசிகிற தண்ணீர் வழிந்து, இறைக்கிற குழிக்குப் போக. இங்கே காணோமே?"

செட்டியார் குரலில் ஒரு பெருமை.

"முதல் நாளே அடைத்துவிட்டேன். அது வழியாக லின் கைவிட்டு எடுத்தால்? உத்தரியத்தைக் கிழித்து, நானே என் கையால்..."

அவர் பார்வை காலடித் தண்ணீருக்குப் போனது.

பண்டாரம் துணியைப் பிடுங்கினார். தண்ணீர் சளசளவென்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தரை தெரிந்தது.

துணியைப் பிழிந்து செட்டியார் கையில் வைத்தார்.

"அதிகாரி சாட்சி கேட்பார். எடுத்துக்கொண்டு போங்கள்."

செட்டியாருக்கு வெட்கத்தில் காது சுட்டது. அழுகையும் வந்தது.

மேலே இருந்து ஒரு கை நீண்டது. லின்னின் கை.

"செட்டியாரே, வெயில் போவதற்குள் மீதி மூட்டையையும் தூக்கிக் கொடுங்கள். நான் பிடித்துக்கொள்கிறேன்."