சிவந்த மஞ்சள் துணி

முன்னொரு காலம். குதிரைப் பந்தயம் என்றால் சோறு தண்ணீர் மறக்கும் மன்னர் ஒருவர் இருந்தார். ஒரு வருஷம், யாரோ மருந்து கொடுத்து ஓடவிட்ட குதிரை திடலிலேயே நுரை தள்ளிச் செத்துவிழுந்தது. மன்னர் நொந்துபோனார்.

"மருந்து தின்ற குதிரை இனி என் நாட்டில் ஓடக் கூடாது. கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்."

அரண்மனை வைத்தியர் பரஞ்சோதிப் பண்டிதர் எழுந்தார். "ஜெயித்த குதிரையின் மூத்திரத்தில் மஞ்சள் தோய்த்த துணியை நனைக்க வேண்டும் பிரபு. துணி சிவந்தால் மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்."

சபை தலையாட்டியது. அதுவே சட்டமானது. முதல் பந்தயத்தில் துணி சிவந்தது. அடுத்த பந்தயத்திலும் சிவந்தது. அந்தக் குதிரைகளை எல்லை ஆற்றுக்கு அப்பால் காட்டுக்குள் விரட்டினார்கள். வளர்த்தவர்கள் இனிக் குதிரையையே தொடக் கூடாது என்று தீர்ப்பு. இரண்டு தடவையும் பரிசு, அடுத்ததாக வந்த பண்டிதரின் மைத்துனர் குதிரைக்குப் போனது.

மூன்றாவது பந்தயத்தில் மூக்கையன் என்பவனின் மயிலை என்ற சாம்பல் நிறக் குதிரை ஜெயித்தது. தாய் செத்த குட்டியை அவன் ஆட்டுப்பால் ஊட்டி வளர்த்திருந்தான். அதற்கும் துணி சிவந்தது.

"கொள்ளும் புல்லும் தவிர ஒன்றும் தரவில்லை சாமி. காட்டில் அது பிழைக்காது. என்னை வேண்டுமானால் விரட்டுங்கள்" என்று மன்னர் காலில் விழுந்தான்.

"போன வருஷத்துக்காரனும் இப்படித்தான் அழுதான்" என்றார் பண்டிதர்.

சபையில் விகடம் பேசிப் பிழைத்த சடையன் எழுந்தான். "பண்டிதரே, ஆரத்தி கரைக்கையில் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தாலும் சிவக்கிறதே. ஆரத்தித் தட்டு எந்தப் பந்தயத்தில் ஓடப்போகிறது?"

பண்டிதர் முகம் கறுத்தது. "கோமாளிக்குச் சட்டம் விளையாட்டாகத் தெரிகிறது பிரபு. தண்டனையை இவன் கையாலேயே நிறைவேற்றச் சொல்லுங்கள்."

மன்னரும் கோபத்தில் இருந்தார். "அப்படியே ஆகட்டும். சடையா, எந்தக் குதிரையின் நீரில் துணி சிவக்கிறதோ அதை நாளைக் காலைக்குள் ஆற்றுக்கு அப்பால் ஓட்டிவிடு. ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் உன் தலை இருக்காது."

"உத்தரவு பிரபு. ஒரு வார்த்தை மாறாமல் செய்கிறேன்."

மறுநாள் மன்னர் கோயிலுக்குப் புறப்பட்டால், லாயத்தில் சாணம்தான் கிடக்கிறது. சேனைக் குதிரைகள் இல்லை. பட்டத்துக் குதிரையும் இல்லை. "சடையன் ஓட்டிப் போய்விட்டார் பிரபு" என்றான் காவலன்.

ஏறக் குதிரை ஏது? மன்னர் நடந்தே ஆற்றுக்குப் போனார். பின்னால் பண்டிதர் மூச்சிரைக்க ஓடினார். அக்கரையில் ஊரிலிருந்த குதிரைகள் அத்தனையும் மேய்ந்துகொண்டிருந்தன. இக்கரையில் மூக்கையன் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சடையன் கட்டிய கொடிக்கயிறு நிறையச் சிவந்த துணிகள் ஆடின; அவன் அதனருகே நின்றான்.

"என்னடா இது?"

"உத்தரவுப்படி எல்லாவற்றுக்கும் துணி நனைத்தேன் பிரபு. இது பட்டத்துக் குதிரையின் துணி. இது லாயத்தைவிட்டு வெளியே வராத கிழட்டுக் குதிரையுடையது. அதோ, பண்டிதரின் மைத்துனர் குதிரையுடையது."

"யாரோ எல்லாவற்றுக்கும் மருந்து வைத்துவிட்டான்!" என்றார் பண்டிதர்.

"பட்டத்துக் குதிரைக்கு நானேதான் தீனி வைக்கிறேன்" என்றார் மன்னர் மெல்ல. "மருந்து தின்னாத குதிரையிடம் இதை ஒருதரமாவது செய்து பார்த்தீரா?"

"ஜெயித்ததை மட்டும்தானே பிரபு சோதிப்போம்..."

மன்னர் தன் புழுதிக் காலைப் பார்த்தார். "கோயிலுக்குக் கிளம்பியவனை ஆற்றுக்கு நடக்கவைத்துவிட்டானே!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது.

"முன்னே விரட்டிய இரண்டும் என்னவாயின?"

மூக்கையன்தான் பதில் சொன்னான். "ஒன்று அந்தக் கோடையிலேயே செத்துப்போச்சு சாமி. இன்னொன்றை யாரும் பார்க்கலை."

மன்னர் அக்கரைக் காட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மருந்துக்குத் தடை நீடிக்கும். திடலில் செத்த குதிரையை நான் மறக்கவில்லை. ஆனால் மருந்து தின்றதற்கும் தின்னாததற்கும் வித்தியாசம் காட்டாத எந்தச் சோதனையும் இனிச் சட்டமாகாது. சோதிப்பவருக்கு அது யார் குதிரை என்றும் தெரியக் கூடாது."

பண்டிதரின் பதவி போனது. மைத்துனர் வாங்கிய பரிசுகள் முன்னே குதிரையை இழந்த இருவர் வீட்டுக்குப் போயின. மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையன் கழுத்தில் போட்டார்.

"மூக்கையா, உன் மயிலையை நீ..." என்று திரும்பினார்.

அவன் அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தான்.